ஈர மண்ணில் ஒரு தடம்: ஜந்துப் படங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

சின்ன பட்ஜெட்டில் எடுக்கப்படும் ஜந்துப் படங்களைப் பற்றி எழுதுங்கள் என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் என்பதால் சில பதில்கள் நீண்டுவிட்டன.

கேள்வி: கோடிகளைக் கொட்டி எடுத்த ராட்சத மிருகப் படங்களைச் சாவகாசமாகப் பார்த்துவிட்டு வந்து தூங்கிவிடுகிறேன். ஆனால் போன வாரம் பார்த்த ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம், அதில் மிருகமே சரியாகத் தெரியவில்லை, என்னை ராத்திரி முழுக்கத் தூங்கவிடவில்லை. ஏன் சார் இப்படி?

பெரிய படத்தில் மிருகம் முழுசாக உங்கள் முன்னால் வந்து நிற்கிறது, நீங்கள் அதைப் பார்க்கிறீர்கள், அதோடு உங்கள் வேலை முடிந்தது. காசில்லாத படத்தில் அது வந்து போன தடயம் மட்டும்தான் கிடைக்கிறது. மிச்ச உடம்பை நீங்கள்தான் கட்டி முடிக்க வேண்டும், அதைக் கட்டும்போது உங்களுக்கு எதெல்லாம் பயமோ அதையெல்லாம் எடுத்துத்தான் கட்டுவீர்கள்.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் 1942-ல் வந்த 'கேட் பீப்பிள்'. ஆர்.கே.ஓ. ஸ்டூடியோ, தயாரிப்பாளர் வால் லூட்டனிடம் ஒரு படத்துக்கு 1,50,000 டாலருக்கு மேல் போகக்கூடாது, தலைப்பையும் நாங்களே கொடுப்போம் என்று சொல்லித்தான் வேலையைக் கொடுத்தது. தான் சிறுத்தையாக மாறிவிடுவோம் என்று நம்பும் ஒரு பெண்ணின் கதை. ஒரு பெண் சிறுத்தையாக மாறுவதைத் திரையில் நம்பும்படி காட்ட அந்தப் பணம் எந்த மூலைக்கு? லூட்டனும் இயக்குநர் ஜாக் தூர்னரும் என்ன செய்தார்கள் பாருங்கள். இரவில் பூங்காவை ஒட்டி இன்னொரு பெண் தனியாக நடந்து போகிறாள், பின்னால் குதிகால் செருப்புச் சத்தம் டக் டக் என்று தொடர்கிறது, ஒரு கட்டத்தில் அந்தச் சத்தம் சட்டென்று நின்றுவிடுகிறது. நின்றதுதான் பயம். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு ஓடுகிறாள், ஏதோ சீறிப் பாய்கிற சத்தம் கேட்கிறது, பார்த்தால் ஒரு பஸ் வந்து பிரேக் போட்டு நிற்கிறது. இந்த உத்திக்கு 'லூட்டன் பஸ்' என்றே பெயர் வந்துவிட்டது.

எல்லோரும் அந்த பஸ்ஸோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அதற்கு அடுத்து வருவதுதான் முக்கியம். செத்துக் கிடக்கும் ஆடுகள், பக்கத்தில் மண்ணில் சிறுத்தையின் பாதத் தடம். கேமரா அந்தத் தடத்தைப் பின்தொடர்ந்து போகிறது, போகப் போக அந்தத் தடம் ஒரு பெண்ணின் குதிகால் செருப்புத் தடமாக மாறிவிடுகிறது. உருமாற்றக் காட்சி முடிந்துவிட்டது! அதற்குத் தேவைப்பட்டது கொஞ்சம் ஈர மண்ணும் ஒரு ஜோடிச் செருப்பும். அதே படத்தின் நீச்சல் குளக் காட்சியிலும் இதுதான்: கட்டடத்தின் அடித்தளத்தில் குளம், தண்ணீரில் பட்ட வெளிச்சம் சுவரெல்லாம் நெளிகிறது, ஓர் உறுமல், ஒரு நிழல், தண்ணீருக்குள் ஒரு பெண் அலறுகிறாள். விளக்கைப் போட்ட பிறகு மிருகம் எதுவும் இல்லை. ஆனால் கரையில் அவள் கழற்றி வைத்த அங்கி நார் நாராகக் கிழிந்து கிடக்கிறது. அந்த அங்கி இல்லாவிட்டால் அவளுக்குப் பிரமை என்று நாம் விட்டுவிடுவோம், அது கிழிந்து கிடப்பதால்தான் விட முடியவில்லை. உங்களைத் தூங்கவிடாத படத்திலும் இப்படி ஒரு பொருள் எங்கேயாவது கிடக்கும், மறுபடி பார்க்கும்போது தேடிப் பாருங்கள்.

கேள்வி: அப்படியானால் ஜந்துவைக் காட்டவே கூடாது என்கிறீர்களா? கடைசி வரை காட்டாமல் ஏமாற்றிய படங்களைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வந்திருக்கிறது.

கோபம் நியாயமானது. காட்டாமல் இருப்பதையே ஒரு சாமர்த்தியமாக நினைத்து, எழுதியவருக்கே அது என்ன மிருகம் என்று தெரியாமல் எடுத்த படங்கள் உண்டு. பார்ப்பவருக்கு அது பத்து நிமிஷத்தில் புரிந்துவிடும். காட்டாவிட்டாலும் அதன் எடை என்ன, எவ்வளவு உயரம், எப்படி நகரும் என்று எடுப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

'ஜாஸ்' கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1975-ல் ஸ்பீல்பெர்க் எடுத்தது. இயந்திரச் சுறா கடல் தண்ணீரில் இறங்கினால் பழுதாகிக்கொண்டே இருந்தது, அதனால் சுறாவைக் காட்டாமல் சமாளித்தார்கள், படம் அதனாலேயே பிழைத்தது என்பார்கள். அது சின்ன பட்ஜெட் படம் இல்லை, ஆனாலும் கையில் மிருகம் இல்லாதவன் எப்படி யோசிக்க வேண்டும் என்பதற்கு அதில் ஒரு காட்சி இருக்கிறது, நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கே இல்லை. ராத்திரியில் இரண்டு பேர் கொக்கியில் பெரிய இறைச்சித் துண்டை மாட்டி, சங்கிலியை மரத்தாலான படகுத்துறையில் கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சங்கிலி ஓட ஆரம்பிக்கிறது, இறுகுகிறது, படகுத்துறையின் முனை அப்படியே பிய்ந்து ஓர் ஆளோடு கடலுக்குள் போகிறது. அவன் தண்ணீரில் விழுந்து கரையைப் பார்த்து நீந்துகிறான். அப்போது தூரத்தில் போய்க்கொண்டிருந்த அந்த மரத்துண்டு நிதானமாகத் திரும்புகிறது. அவனை நோக்கி வருகிறது. திரையில் இருப்பது நாலு பலகை, அவ்வளவுதான். சுறாவின் எடை, வேகம், அது மனசு மாறித் திரும்பிய அந்தக் கணம் எல்லாமே அந்தப் பலகையில் தெரிகிறது.

முதலிலேயே காட்டியும் ஜெயிக்கலாம். கொரிய இயக்குநர் பாங் ஜூன்-ஹோ 2006-ல் எடுத்த 'தி ஹோஸ்ட்' படத்தில், ஆற்றங்கரையில், நல்ல பகல் வெளிச்சத்தில், படம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே ஜந்து ஓடி வருகிறது. ஒளிவு மறைவே இல்லை. அப்புறம் எப்படி இரண்டு மணி நேரம் நம்மை உட்கார வைக்கிறார்? அது பிடித்துக்கொண்டு போன சிறுமி உயிரோடு இருக்கிறாளா என்ற கேள்வியால். ஜந்து எப்படி இருக்கும் என்ற கேள்வியை அவர் சீக்கிரமே தீர்த்துவிட்டு அதைவிடப் பெரிய கேள்வியைக் கையில் கொடுத்துவிடுகிறார். காட்டுவதானால் இப்படி அடுத்த கேள்வி தயாராக இருக்க வேண்டும். 1957-ல் வந்த 'நைட் ஆஃப் தி டீமன்' படத்தை இயக்கியவரும் அதே தூர்னர்தான். அதில் ஆரம்பத்திலேயே பூதத்தை முழுசாகக் காட்டிவிடுகிறார்கள், அது சரியா தவறா என்று ரசிகர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். காட்டியிருக்கக் கூடாது என்பதுதான் என் கட்சி. அந்தப் படத்தின் நாயகன் எதையும் நம்பாத ஆராய்ச்சியாளன், அவனோடு சேர்ந்து நாமும் மெல்ல மெல்ல நம்ப வேண்டிய கதை அது. நமக்கு முன்கூட்டியே உண்மை தெரிந்துவிட்டால் அவனுடைய சந்தேகத்தில் நமக்குப் பங்கில்லாமல் போய்விடுகிறது.

கேள்வி: ரப்பர் உடையா, கிராஃபிக்ஸா? உங்கள் ஓட்டு எதற்கு?

எது அந்த இடத்தில் நிஜமாக இருப்பதுபோல் தெரிகிறதோ அதற்கு. ரப்பர் உடைக்கு ஒரு பெரிய வசதி உண்டு, நடிகர் நிஜமாகவே ஒன்றைப் பார்த்துப் பின்வாங்குகிறார், அவர் மேல் விழும் அதே வெளிச்சம் அதன் மேலும் விழுகிறது, தண்ணீர் சொட்டினால் இருவர் மேலும் சொட்டுகிறது. ஆனால் உடைக்குள் ஓர் ஆள் இருக்கிறார் என்பது நடையில் தெரிந்துவிட்டால் எல்லாம் போச்சு. 1954-ல் வந்த முதல் 'காட்ஸில்லா'வில் அந்த உடை நூறு கிலோவுக்கு மேல் இருந்ததாகச் சொல்வார்கள். அதை மாட்டிக்கொண்டு நடந்தவர் ஹாரூவோ நாகாஜிமா. கேமராவை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டிப் படம்பிடித்தார்கள், அதனால் திரையில் அசைவு மெதுவாகத் தெரியும், மெதுவாக அசைந்தால் பெரிய உடம்பு என்று நம் கண் எடுத்துக்கொள்ளும். சின்ன மாடல்களைப் பெரிதாகக் காட்டுவதற்கும் இதே வழிதான். தண்ணீர் மட்டும் காட்டிக் கொடுத்துவிடும், மாடலை எவ்வளவு சின்னதாகச் செய்தாலும் தண்ணீர்த் துளியைச் சின்னதாக்க முடியாதே.

கிராஃபிக்ஸ் என்றாலே மட்டம் என்ற பேச்சில் எனக்கு உடன்பாடு இல்லை. கேரத் எட்வர்ட்ஸ் 2010-ல் எடுத்த 'மான்ஸ்டர்ஸ்' ஐந்து லட்சம் டாலருக்குள் முடிந்த படம். இரண்டே முக்கிய நடிகர்கள், ஒரு வண்டியில் அடங்கும் குழு. மெக்சிகோ, மத்திய அமெரிக்கா என்று ஊர் ஊராகப் போய், அங்கங்கே இருந்தவர்களையே நடிக்க வைத்து எடுத்துவிட்டு, கிராஃபிக்ஸ் வேலையைக் கடையில் கிடைக்கும் சாதாரண மென்பொருள்களை வைத்து இயக்குநரே செய்தார். ராட்சத ஜந்துக்கள் வரும் நேரம் அதில் கொஞ்சம்தான். அதிக உழைப்பு போனது வழியில் இருக்கும் எச்சரிக்கைப் பலகைகள், சிதைந்த கட்டடங்கள் மாதிரியான விஷயங்களுக்கு. அந்த ஜந்துக்கள் வருஷக்கணக்காக அங்கே இருக்கின்றன, மக்கள் அதற்குப் பழகிவிட்டார்கள் என்பது அந்தப் பலகைகளிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: திடீரென்று சத்தம் போட்டுப் பயமுறுத்துவது மலிவான வேலைதானே?

அளவோடு செய்தால் தப்பில்லை. திடுக்கிடுவது உடம்பின் அனிச்சைச் செயல், யோசிப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது. அடிக்கடி கொடுத்தால் உடம்பு பழகிவிடும், நாலாவது தடவை தோள்கூட அசையாது. ஒரு படத்தில் ஒன்று, போனால் இரண்டு.

கேள்வி: ஹெட்ஃபோனில் பார்த்தால் சின்னப் படங்கள்கூட அதிகம் பயமுறுத்துகின்றன. சத்தத்துக்கு அவ்வளவு பங்கா?

பாதிக்கு மேல் என்பேன். ஒரு பரிசோதனை செய்யுங்கள். உங்களுக்குப் பிடித்த ஜந்துக் காட்சியைச் சத்தமே இல்லாமல் பாருங்கள், ரப்பர் ரப்பராகவே தெரியும். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு மட்டும் பாருங்கள்.

காட்ஸில்லாவின் உறுமல் எந்த மிருகத்தின் குரலும் இல்லை. இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபேயின் யோசனைப்படி, டபுள் பாஸ் என்ற பெரிய நரம்பு வாத்தியத்தின் தந்தியைத் தளர்த்தி, பிசின் தடவிய தோல் கையுறையால் அதை அழுத்தித் தேய்த்து, பதிவு செய்ததை வேகம் மாற்றி ஓடவிட்டார்கள். ஃபோலி கலைஞர்கள், அதாவது படம் எடுத்த பிறகு அசைவுகளுக்குச் சத்தம் சேர்ப்பவர்கள், செலரித் தண்டை முறித்து எலும்பை முறிக்கிறார்கள், ஈரத் தோல் துணியைப் பிழிந்து வழவழப்பான உடம்பை உண்டாக்குகிறார்கள்.

அலறலுக்கும் ஒரு கணக்கு உண்டு. டேனியல் புளூம்ஸ்டைன் என்ற உயிரியலாளர், மார்மட் எனப்படும் மலை அணில் வகையின் எச்சரிக்கைக் குரலை ஆராய்பவர். பயந்த விலங்கு மூச்சைக் கட்டாயப்படுத்திக் கத்தும்போது குரல் உடைந்து, கரகரத்து, சுருதி திடீரென்று எகிறும், கேட்கும் இன்னொரு விலங்கால் அதை அலட்சியம் செய்ய முடியாது. அவரும் உடன் ஆராய்ந்தவர்களும் 2010-ல் திரைப்படங்களின் ஒலியை அலசியபோது திகில் படங்களில் இந்த மாதிரி உடைந்த, கரகரத்த சத்தங்கள் தூக்கலாக இருப்பதைக் கண்டார்கள். ஆகவே உங்கள் காது ஏமாறவில்லை, அதன் வேலையைத்தான் செய்கிறது.

சின்னப் பட இயக்குநர்கள் பலர் பின்னணி இசையைப் போட்டு நிரப்பிவிடுகிறார்கள், எனக்கு அதுதான் வருத்தம். மேல்மாடியில் ஏதோ ஒன்று இருக்கிறது என்றால் மரத்தரை முனகும் ஒரு சத்தம் வேண்டும், அப்புறம் நீண்ட அமைதி, அப்புறம் முதல் இடத்திலிருந்து தள்ளி இன்னொரு முனகல். இரண்டு முனகலுக்கும் நடுவில் உள்ள தூரத்தை வைத்து அதன் கால் எவ்வளவு நீளம் என்று நாமே கணக்குப் போட்டுவிடுவோம். அங்கே வயலின் வாசித்தால் அந்தக் கணக்கு கெட்டுப்போகும்.

கேள்வி: எல்லாப் படத்திலும் ஒருத்தர் டார்ச்சை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்ச் சாகிறார். எரிச்சலாக இருக்கிறது அண்ணா.

எரிச்சல் எங்கிருந்து வருகிறது என்றால், அந்த ஜந்துவுக்குச் சட்டம் எழுதவில்லை. அந்த ஜந்துவால் எது முடியும், எது முடியாது என்று பார்க்கிறவருக்குத் தெரியாவிட்டால், போகிறவர் புத்திசாலியா முட்டாளா என்றுகூடச் சொல்ல முடியாது. 1990-ல் வந்த 'ட்ரெமர்ஸ்' பாருங்கள், காசு கொஞ்சம் கூடவே செலவான படம்தான், ஆனால் சட்டம் எழுதுவதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. பாலைவனத்தில் மண்ணுக்குள் ஓடும் ராட்சதப் புழுக்கள், கண் கிடையாது, அதிர்வை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும். இந்த ஒரு வரியிலிருந்து படம் முழுக்கப் பிறக்கிறது. பாறை மேல் ஏறினால் பிழைக்கலாம், ஆனால் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது? ஒரு பாறையிலிருந்து இன்னொரு பாறைக்கு நீளக் கழியை ஊன்றித் தாவுகிறார்கள். கூரை மேல் ஏறுகிறார்கள், புழுக்கள் அடியில் கட்டடத்தையே ஆட்டுகின்றன. யாரும் முட்டாள்தனம் செய்யவில்லை, ஒவ்வொரு யோசனையும் நல்ல யோசனை, ஜந்துவும் கற்றுக்கொள்கிறது. போதாததற்கு அந்தச் சட்டமே செலவையும் குறைக்கிறது பாருங்கள், புழு மண்ணுக்குள் இருப்பதால் பல இடங்களில் மேலே எழும் புழுதியையும் எகிறும் தரைப் பலகையையும் காட்டினாலே போதும்.

கேள்வி: ஜந்து மேல் எனக்குப் பரிதாபம் வந்துவிடுகிறது. படம் தோற்றுவிட்டது என்று அர்த்தமா?

இல்லவே இல்லை, எனக்குப் பிடித்தவற்றில் பாதி அப்படித்தான். 1954-ல் வந்த 'கிரியேச்சர் ஃப்ரம் தி பிளாக் லகூன்' படத்தில் நாயகி தண்ணீரின் மேல்மட்டத்தில் நீந்துகிறாள், அவளுக்கு நேர்க் கீழே அந்த மீன் மனிதன் அவளோடு சேர்ந்து அவளுக்குத் தெரியாமல் நீந்துகிறான், கை நீட்டிக் காலைத் தொடப் போய்த் தயங்குகிறான். தண்ணீருக்கடியில் நடித்த ரிகோ பிரவுனிங் மூச்சை அடக்கிக்கொண்டே அந்தக் காட்சிகளை நடித்தார். அந்த உருவத்தை வடிவமைத்தவர் மிலிசென்ட் பாட்ரிக் என்ற பெண், அவருக்குச் சேர வேண்டிய பெயர் பல வருஷம் கிடைக்கவில்லை. அந்தத் தயங்கும் கையைப் பார்த்த பிறகு ஈட்டியோடு இறங்கும் மனிதர்கள் மேல் எனக்கு வருகிற கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை.

கேள்வி: நாங்கள் நண்பர்கள் ஐந்து பேர் ஒரு ஜந்துக் குறும்படம் எடுக்கப் போகிறோம். கையில் ஒரு கேமரா, ஒரு பழைய வீடு. உடை செய்யப் பணம் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

உடையை மறந்துவிட்டு ஒரு தாளில் அந்த ஜந்து எதையெல்லாம் தொடுகிறது என்று எழுதுங்கள். கதவு, திரைச்சீலை, தண்ணீர்த் தொட்டி, மாடிப்படி. பிறகு ஒவ்வொன்றிலும் அது விட்டுப்போவது என்ன என்று எழுதுங்கள். உங்கள் பணம் அதற்குத்தான் போக வேண்டும்.

கதவை எடுத்துக்கொள்வோம். தடதடவென்று ஆட்டினால் பின்னால் உங்கள் நண்பர் நின்று ஆட்டுகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பதில் கதவின் ஒரு பகுதிக்கு மெல்லிய ப்ளைவுட் வைத்து, அதே வண்ணம் அடித்து, பின்னாலிருந்து ஒருவர் முதுகைக் கொடுத்து மெதுவாக, ரொம்ப மெதுவாக அழுத்தட்டும். பலகை உள்பக்கமாக வளைய வேண்டும், கொஞ்ச நேரம் அப்படியே நிற்க வேண்டும், பிறகு பழைய நிலைக்கு வர வேண்டும். சத்தம் வேண்டாம். அடிக்கிற மிருகத்தைவிடச் சாய்ந்து பார்க்கிற மிருகம் பயங்கரமானது, அது யோசிக்கிறது என்று தெரிந்துவிடுகிறது இல்லையா.

உடம்பில் ஒரே ஒரு பாகத்தைச் செய்யுங்கள், ஒரு கை போதும், ஆனால் அதை உருப்படியாகச் செய்யுங்கள். ஈரமாக மினுங்க மெத்தில் செல்லுலோஸ் பொடியைத் தண்ணீரில் கரைத்த குழம்பைத் தடவுங்கள், சினிமாவில் கோழைக்கும் எச்சிலுக்கும் வெகு காலமாகப் புழங்குவது அதுதான். வெளிச்சத்தை அந்தக் கைக்குப் பின்னாலிருந்து கொடுங்கள், ஓரம் மட்டும் மின்னும், ரப்பரின் மேற்பரப்பு தெரியாது. இருட்டாக இருக்க வேண்டும் என்று விளக்கே இல்லாமல் எடுத்துவிடாதீர்கள், சாதாரண கேமராவில் கறுப்பு முழுக்கப் புள்ளி புள்ளியாகிவிடும். விளக்கு வைத்து எடுத்துவிட்டு, பிறகு எடிட்டிங்கில் இருட்டாக்குங்கள்.

ஜந்துவின் பார்வையில் போகும் ஷாட் வேண்டுமானால் இயக்குநர் சாம் ரைமியும் நண்பர்களும் 'தி ஈவில் டெட்' படத்துக்குச் செய்ததைச் செய்யலாம், கேமராவை ஒரு நீளப் பலகையின் நடுவில் பொருத்தி, இரண்டு முனையையும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் ஓடினார்கள். பலகை நீளமாக இருப்பதால் ஆட்டம் குறைந்து, தரையை ஒட்டி ஏதோ மிதந்து பாய்வதுபோல் வரும். நீங்கள் வீட்டுக்குள் எடுப்பதால் ஓட வேண்டாம், நடந்தால் போதும். முதலில் வெறும் பலகையோடு நாலு தடவை ஒத்திகை பாருங்கள், படிக்கட்டில் இதைச் செய்யவே செய்யாதீர்கள்.

நடிகர்களுக்கு ஒரு வேலை. ஒரு கம்பின் நுனியில் பந்தைக் கட்டி, ஜந்துவின் கண் இருக்க வேண்டிய உயரத்தில் ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கட்டும், எல்லோரும் அந்தப் பந்தையே பார்க்க வேண்டும். ஒருவர் கதவின் மேல்பக்கத்தையும் இன்னொருவர் கைப்பிடியையும் பார்த்தால் காட்சி செத்துவிடும். பார்த்தவுடன் கத்தச் சொல்லாதீர்கள், முதலில் மூச்சு நிற்கட்டும், அப்புறம் கத்தலாமா வேண்டாமா என்று அவர்களே முடிவு செய்யட்டும்.

போலி ரத்தமும் குழம்பும் தரையில் கொட்டினால் பயங்கரமாக வழுக்கும், ஒருவரைத் துடைப்பதற்கென்றே நிறுத்துங்கள். கண்ணாடி எதையும் நிஜமாக உடைக்காதீர்கள்.

எடிட்டிங் முடிந்ததும் படத்தை அனுப்பிவையுங்கள். அந்தக் கதவுக் காட்சியை முதலில் பார்க்க ஆசை.